ஸ்நூப்பியை வாடகைக்கு எடுப்பதா, நாமே கட்டுவதா? சிறுவர் அருங்காட்சியகத்தில் ஒரு காமிக்ஸ் கண்காட்சி

அமெரிக்காவில் ஊர் நூலகத்திலும் சிறுவர் அருங்காட்சியகத்திலும் தன்னார்வலர்களாக இருக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கூடம் ஒன்று காலியாகிறது. சார்லி பிரவுன் என்ற பையனும் அவன் நாய் ஸ்நூப்பியும் வரும் 'பீனட்ஸ்' காமிக்ஸை வைத்து, குழந்தைகள் தொட்டு விளையாடுகிற கண்காட்சி போடலாம் என்று குழு சொல்லிவிட்டது. ஊர் ஊராகப் போகும் கண்காட்சியை வாடகைக்கு எடுப்பதா, உரிமம் வாங்கிச் சொந்தமாகச் செய்வதா, உரிமமே தேவைப்படாத பழைய காமிக்ஸுக்கு மாறிவிடுவதா?

மூன்றுக்கும் இடமுண்டு. எதற்கு எப்போது இடம் என்பதற்கு, முதலில் இந்தக் காமிக்ஸின் உருவத்தைப் பார்க்க வேண்டும். 1950 அக்டோபர் 2-ஆம் தேதி ஏழு செய்தித்தாள்களில் தொடங்கி 2000 பிப்ரவரி 13 வரை வந்தது பீனட்ஸ். மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்கள், அதாவது சில கட்டங்களில் முடிந்துவிடும் சின்னப் படக்கதைகள். எல்லாவற்றையும் சார்லஸ் எம். ஷுல்ஸ் உதவியாளர் இல்லாமல் தானே வரைந்தார். தொடக்கத்தில் அது இடத்தை மிச்சப்படுத்தும் காமிக்ஸாக விற்கப்பட்டது: ஒரே அளவில் நாலு கட்டம், பத்திரிகைக்காரர் வரிசையாகவும் போடலாம், இரண்டுக்கு இரண்டு சதுரமாகவும் போடலாம், ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அடுக்கலாம். கண்காட்சி செய்பவருக்கு இந்த நாலு கட்டம்தான் பெரிய வரம். ஏன் என்பது கடைசியில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

கூட்டத்தில் முதலில் எழுவது விலைதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கதை கைக்கு வருகிறதா? செய்யப்போகும் விளையாட்டுப் பொருளிலிருந்து ஸ்நூப்பியின் படத்தை மனத்துக்குள் உரித்தெடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது வெறும் சறுக்குமரம் என்றால் அங்கே காமிக்ஸ் இல்லை, ஸ்டிக்கர்தான் இருந்திருக்கிறது. படம் போன பிறகும் அந்த வேடிக்கை குழந்தையின் உடம்பில் நடந்தால், அதைக் கட்டுவதற்குப் பணம் செலவழிக்கலாம். மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எட்டுகிறதா? அமெரிக்க மாற்றுத்திறனாளி அணுகல் விதிகள் குழந்தைகளின் கை எட்டும் உயரத்தை வயதுவாரியாகத் தருகின்றன: 3–4 வயதுக்கு 20 முதல் 36 அங்குலம், 5–8 வயதுக்கு 18 முதல் 40, 9–12 வயதுக்கு 16 முதல் 44. எல்லா வயதுக்கும் பொதுவான பட்டை 20–36 அங்குலம். திருகுவது, அழுத்துவது, இழுப்பது எல்லாம் அதற்குள் இருக்கட்டும். மேசை என்றால் மேற்பரப்பு 26–30 அங்குல உயரம், கீழே முழங்காலுக்கு 24 அங்குலம், முன்னால் சக்கர நாற்காலி நிற்க 30-க்கு 48 அங்குலம்.

இருவர் சேர்ந்து ஆட முடிகிறதா? வரிசையில் நிற்கும் குழந்தை அழும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கக்கூடிய பொருள் வரிசையைப் பாதியாக்கும், அண்ணன் தங்கை சண்டையையும் குறைக்கும்.

யார் பழுது பார்ப்பது? பெயர் சொல்லி ஒருவரைக் காட்ட முடியவில்லை என்றால் கட்டும் யோசனையைத் தள்ளிவையுங்கள்.

பிறகுதான் உரிமம், கால அவகாசம், பணம். பணத்தைத் திறப்பு விழா நாள்வரை கணக்கிடாமல் மூன்று ஆண்டுக்குக் கணக்கிடுங்கள்.

## முதல் வழி: வாடகைக்கு எடுப்பது

கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 2002 ஆகஸ்டில் திறந்த சார்லஸ் எம். ஷுல்ஸ் அருங்காட்சியகமே பயணக் கண்காட்சிகளை அனுப்புகிறது. இப்படி வாடகைக்கு வரும் கண்காட்சிகள் வழக்கமாக ஏறக்குறைய மூன்று மாதத் தவணையில் கிடைக்கும். கதாபாத்திரங்கள் சரியாக இருப்பார்கள், எழுத்து சரியாக இருக்கும், உரிமத் தலைவலி நமக்கு இல்லை.

யாரிடம் எடுத்தாலும் பட்டியலை வாங்கியதும் ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: சுவரில் மாட்டுபவை எத்தனை, குழந்தை தொடுபவை எத்தனை? சட்டம் போட்ட ஸ்ட்ரிப்கள் பெரியவர்களுக்கு விருந்து. ஐந்து வயதுக் குழந்தைக்கு அவை தலைக்கு மேலே தொங்கும் காகிதம். முக்கால்வாசி சுவர் என்றால் அது நல்ல கண்காட்சியாக இருக்கலாம், ஆனால் உங்கள் கூடத்துக்கானது அல்ல.

மறைந்திருக்கும் செலவுகள் வாடகைச் சீட்டில் வராது. லாரிக் கூலி, காப்பீடு, பிரித்து அடுக்க நாலைந்து பேருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. எல்லாரும் மறப்பது காலி மரப்பெட்டிகளை. பொருளை வெளியே எடுத்த பிறகு அந்தப் பெட்டிகள் மூன்று மாதம் எங்கேயாவது, நனையாத இடத்தில் நிற்க வேண்டும். அவை கூடத்தின் பாதியை நிரப்பும். இடமில்லை என்றால் சேமிப்புக் கிடங்குக்கு வாடகை. ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, மிகப் பெரிய பெட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். லிப்ட் இருந்தால் அதன் உட்புறத்தையும் மூலைக்கு மூலை அளக்க வேண்டும்.

பெட்டி திறக்கும் நாளில் ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல், உடைசலைக் குறித்து, அன்றைக்கே அனுப்பியவருக்கு அஞ்சல் செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் முந்தைய ஊரில் உடைந்ததற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டிவரும்.

கண்காட்சி நடத்தி அனுபவம் இல்லாத குழு, பெரிய கூடம், சரக்கு இறக்கும் மேடை, ஒரு கோடை விடுமுறைக்கு மட்டும் கூட்டம் வேண்டும் என்ற நிலை என்றால் இந்த வழியில் போகலாம்.

## இரண்டாம் வழி: உரிமம் வாங்கிக் கட்டுவது

பீனட்ஸ் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. 1950-இல் வந்த ஸ்ட்ரிப்களே அமெரிக்காவில் 2045 முடியும்வரை காப்புரிமையில் இருக்கும். "குழந்தைகளுக்காகத்தானே, லாபம் இல்லையே" என்பது சட்டத்தில் செல்லாது. உங்கள் ஊர் ஓவியர் வரைந்த ஸ்நூப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் சுவருக்குப் போகக் கூடாது. பேச்சுவார்த்தை, வரைபட ஒப்புதல், திருத்தம், மறு ஒப்புதல் என்று ஒரு வருடமாவது ஒதுக்குங்கள். டி-ஷர்ட், சுவரொட்டி, அழைப்பிதழ் எல்லாம் தனித்தனி ஒப்புதல் கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் கட்ட வேண்டும்? ஷுல்ஸின் வேடிக்கைகளில் சில, தச்சுப் பட்டறையிலிருந்து நேராக வந்ததுபோல் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எல்லாமே கட்டத் தகுந்தவை அல்ல.

### ஷ்ரோடரின் பியானோ: கட்டாயம் கட்டுங்கள்

பொம்மைப் பியானோவில் பேத்தோவன் வாசிக்கிற பையன் ஷ்ரோடர். அந்தப் பியானோவின் கருப்புக் கட்டைகள் வெறும் பெயின்ட் என்பதுதான் ஷுல்ஸ் வைத்த வேடிக்கை. அதை அப்படியே செய்யுங்கள். எட்டு வெள்ளைக் கட்டைகள் ஒலிக்கட்டும், கருப்பு ஒலிக்க வேண்டாம். குழந்தை கருப்பை அழுத்தும், ஒன்றும் வராது, மறுபடி அழுத்தும், நிமிர்ந்து பார்க்கும். அந்த நிமிர்ந்து பார்க்கும் நொடிதான் ஸ்ட்ரிப்பின் மூன்றாவது கட்டம், சிரிப்புக்கு முன் வரும் மௌனம்.

பியானோ கற்கிற குழந்தை வந்தால் பெரும்பாலும் 'ஃப்யூர் எலிஸ்' தொடங்கும். அதன் இரண்டாவது சுரமே கருப்புக் கட்டை, அதனால் உடனே மாட்டிக்கொள்ளும். ஒன்பதாம் சிம்பொனியின் ஆனந்தப் பாட்டுக்கு முதல் வரி முழுக்க ஐந்து வெள்ளைக் கட்டைகள் போதும்: க க ம ப, ப ம க ரி, ச ச ரி க, க ரி ரி. இரண்டும் பேத்தோவன். கட்டைகளுக்கு ஐந்து நிறப் புள்ளிகள் வைத்து, மேலே அதே நிறங்களில் இந்த வரியை எழுதிவையுங்கள். நாலு வயதுக் குழந்தையும் வாசித்துவிடும்.

செய்முறையில் அசையும் கட்டைகளைத் தவிருங்கள். இடுக்கில் விரல் மாட்டும், பிஸ்கட் தூளும் ஜூஸும் இறங்கும். 12 மி.மீ. கெட்டியான தனித்தனிப் பலகைகளை அசையாமல் பதித்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பீசோ வட்டு (அதிர்ந்தால் சிறு மின்சாரம் தரும் தகடு) ஒட்டினால் தட்டும்போது சமிக்ஞை வரும். ஒரு தட்டு பக்கத்துக் கட்டையிலும் ஒலிப்பதுதான் வழக்கமான கோளாறு. பலகைகளுக்கு நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டை வைத்தால் அதிர்வு தாண்டாது. அடுத்த கோளாறு வட்டிலிருந்து கம்பி பெயர்ந்து வருவது. பற்றவைத்த இடம் நேரடியாக இழுபடுவதே காரணம். கம்பியைச் சற்றுத் தள்ளி ஒரு சொட்டு சூடான பசையால் பலகையோடு ஒட்டிவிடுங்கள். ஒலி அளவை உள்ளே பூட்டிவையுங்கள், பக்கத்தில் நிற்கும் ஊழியர் எட்டு மணி நேரம் அதைக் கேட்கிறார்.

### லூசியின் கடை: மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய பலன்

எல்லாரையும் அதட்டும் சிறுமி லூசி தெருவில் போட்ட கடையின் பலகை இது: மனநல ஆலோசனை 5 சென்ட், 'டாக்டர் இருக்கிறார்'. 1959 மார்ச் 27-இல் முதலில் வந்த இந்தக் கடை, எலுமிச்சைச் சாறு விற்கும் பிள்ளைகளின் தெருக்கடை போன்றது. மின்சாரமே தேவையில்லை. ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் நோயாளி. பாட்டி நோயாளியாக உட்கார்ந்து பேத்தி ஆலோசனை சொல்லும் காட்சியை எந்தத் திரையும் தராது. ஆகவே நோயாளி பக்கம் பெரியவர் உட்காரும் முக்காலி கட்டாயம், அந்தப் பக்கம் சக்கர நாற்காலிக்கும் இடம் வேண்டும்.

நிஜ 5 சென்ட் நாணயம் வைக்காதீர்கள். அதன் விட்டம் 21 மி.மீ. சிறு குழந்தைக்கு மூச்சடைக்குமா என்று பார்க்கும் சோதனை உருளையின் விட்டம் 32 மி.மீ. அளவுதான், அதற்குள் போகும் எதுவும் ஆபத்து. 60 மி.மீ. விட்டம், 9 மி.மீ. தடிமனில் மரக்காசு வெட்டுங்கள், ஓரத்தை மழுங்கத் தேயுங்கள். காசு தொலையும், அதனால் இருபதாவது செய்துவைத்து, ஐந்தை மட்டும் வெளியே விடுங்கள். காசு போடும் துளையிலிருந்து சரிவு வழியாக நோயாளி பக்கமே திரும்பி வரட்டும், அப்போதுதான் ஆட்டம் நிற்காது. சரிவு படுத்தால் காசு நின்றுவிடும். 25 பாகைக்குக் குறையாமல் வைத்து, மேல் மூடியைக் கீலில் போடுங்கள். ஏனென்றால் காசு தவிர மற்றதும் அதற்குள் போகும்.

'இருக்கிறார் / இல்லை' பலகையைச் சங்கிலியில் தொங்கவிடக் கூடாது. 12 மி.மீ. கம்பியில் சுழலும் கட்டையாகச் செய்யுங்கள். தாராளமாகச் சுழன்றால் குழந்தைகள் கடையை விட்டுவிட்டு அதையே சுழற்றுவார்கள். இரு பக்கமும் நைலான் வாஷரும் ஒரு ஸ்பிரிங் வாஷரும் போட்டால் வைத்த இடத்தில் நிற்கும்.

### நாய் வீடு: கூரையைத் தரையில் போடுங்கள்

ஸ்நூப்பி கூரை முகட்டில் படுத்திருப்பான். குழந்தை ஏறியே தீரும். சிறு குழந்தைகளுக்கான மேடை 20 அங்குலத்தைத் தாண்டினாலே தடுப்பு வேண்டும், தடுப்பு வைத்தால் முகட்டில் படுக்கிற அழகு போய்விடும். வீட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் தரையில் வரைந்து, மேலே 45 பாகையில் பெரிய கண்ணாடி மாட்டுவதுதான் நல்ல வழி. தரையில் முகட்டுக் கோட்டையொட்டிப் படுத்தால் கண்ணாடியில் கூரைமேல் படுத்ததாகத் தெரியும். உடையாத அக்ரிலிக் கண்ணாடி போடுங்கள். 3 மி.மீ. தடிமன் என்றால் தொய்ந்து முகத்தைக் கோணலாக்கும். 6 மி.மீ. எடுத்து, பின்னால் பிளைவுட் முழுக்க ஒட்டி, மேலே இரும்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கம்பியோடு மாட்டுங்கள்.

உள்ளே பில்லியர்ட்ஸ் மேசையும் வான்கோ ஓவியமும் இருக்குமளவு அந்த வீடு பெரிது என்பது இன்னொரு வேடிக்கை. இடமிருந்தால் சின்ன வாசலில் தவழ்ந்து நுழைந்து பெரிய அறைக்குள் எழுந்து நிற்கும்படி கட்டுங்கள். பெரியவர் நுழைய வேறு வாசல் வேண்டும், அது அகலமாகவும் இருக்கட்டும். உள்ளே அழும் குழந்தையை எடுக்க அம்மா தவழ்ந்து போகக் கூடாது.

### பட்டம் தின்னும் மரம், கால்பந்து

சார்லி பிரவுனின் பட்டங்களைப் பிடித்துத் தின்னும் மரம் ஒன்று பீனட்ஸில் வரும். அந்த மரத்துக்குப் பட்டம் செய்யலாம், நூல் மட்டும் வேண்டாம். கழுத்தில் சுற்றும். கனத்த ஃபோம் பட்டங்களை மரம் பிடித்துக்கொள்வதும், நெம்புகோலை இழுத்தால் துப்புவதும் போதும். காந்தம் வைத்தால் பட்டத்துக்குள் முழுக்கப் புதையுங்கள். விழுங்கிய சிறு காந்தங்கள் குடலைக் கிழிக்கும்.

லூசி பந்தைப் பிடுங்க, உதைக்க ஓடிய சார்லி பிரவுன் மல்லாந்து விழும் வேடிக்கையை நிஜமாகக் கட்டவே கூடாது. 1951 நவம்பரில் முதலில் பந்தைப் பிடித்தவள் வயலட் என்ற இன்னொரு சிறுமி, மறு ஆண்டு நவம்பரிலிருந்து லூசி. காகிதத்தில் வலிக்காது, தரையில் மண்டை உடையும். இதற்குக் கைப்பிடி சுற்றினால் அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு படம் அசையும் படப்பெட்டி பொருத்தம். குழந்தை மெதுவாகச் சுற்றினால் மெதுவாக விழுவான், நிறுத்தினால் அந்தரத்தில் நிற்பான். பின்பக்கம் சுற்றினால் அட்டைகள் மடங்கிக் கிழியும், ஆகவே ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் ஒருவழி பேரிங் கட்டாயம். இதையே தொடுதிரையில் செய்தால் முதல் வாரம் கூட்டம் இருக்கும். பிறகு ஒரு குழந்தை பிடித்துக்கொண்டு விடாது, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக: 18 மி.மீ. பர்ச் பிளைவுட், எல்லா ஓரமும் குறைந்தது 3 மி.மீ. வளைவு, கழற்ற வேண்டிய இடங்களில் மரத் திருகாணிக்குப் பதில் உலோக மரைச் செருகியும் எம்6 போல்ட்டும், போல்ட் தளராமலிருக்க நீலநிற மரைப் பசை ஒரு சொட்டு. மரத் திருகாணியை நாலு தடவை கழற்றி மாட்டினால் துளை பெருத்துவிடும். கட்டும் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பழுதுக்கு ஒதுக்குங்கள்.

மூன்று ஆண்டாவது நிலைக்கும் இடம், ஒரு வருடம் காத்திருக்கும் பொறுமை, பெயர் சொல்லக்கூடிய ஒரு பழுதுபார்ப்பவர் இருந்தால் இந்த வழியே சிறந்தது.

## மூன்றாம் வழி: உரிமம் வேண்டாத 'லிட்டில் நெமோ'

வின்சர் மெக்கே 1905 அக்டோபர் 15 முதல் நியூயார்க் ஹெரால்டில் வரைந்த 'லிட்டில் நெமோ இன் ஸ்லம்பர்லாண்ட்' அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த பொதுச் சொத்து. ஒவ்வொரு வாரமும் ஒரு கனவு, கடைசிக் கட்டத்தில் நெமோ விழித்துக்கொள்வான், பல வாரம் கட்டிலிலிருந்து விழுந்தே எழுவான். 1908 ஜூலை 26-இல் வந்த பக்கத்தில் கட்டிலின் கால்கள் நீண்டு, நகரத்து வீடுகளுக்கு மேலே நடந்து போகிறது.

அந்தக் கட்டிலைக் கட்டலாம். 12 அங்குல உயரத்தில் அசையாத கட்டில். பின்னால் நாலு அடி உயரத்துக்கு நகரம் அச்சிட்ட கேன்வாஸ், இரண்டு நிற்கும் உருளைகளில் வளையமாக ஓடும். ஒரு குழந்தை கட்டிலில், இன்னொன்று கைப்பிடி சுற்றும், கட்டில் நடக்கும். துணி மெல்ல ஒரு பக்கமாக ஏறி ஓரம் கிழிவது நிச்சயம் வரும் கோளாறு. உருளையின் நடுவில் டேப் சுற்றி 2–3 மி.மீ. பருமனாக்கினால் துணி நடுவுக்கே திரும்பும். கட்டிலின் ஒரு பக்கம் நாலு அங்குல மெத்தை, அதில் உருண்டு விழுந்தால் கனவு முடிகிறது. நாள் முழுக்க விழுவார்கள். மெத்தை உறையின் ஜிப் அடிப்பக்கம் இருக்கட்டும், இரண்டாவது உறை ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

மறைந்த செலவு வேறு வகை. நெமோவைக் குழந்தைகளுக்குத் தெரியாது, பெயருக்காகக் கூட்டம் வராது. மெக்கேயின் பேச்சுக் குமிழ்களில் எழுத்து நெருக்கியடித்திருக்கும், மறுபடி பெரிதாக எழுத வேண்டும். மிக முக்கியமானது: இம்பி என்ற பாத்திரம் ஆப்பிரிக்கரை இழிவாகக் காட்டும் அந்தக் காலக் கேலிச்சித்திரம். அவன் வரும் பக்கங்களைக் குழந்தைகள் கூடத்தில் மாட்டக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இணையத்தில் கிடைத்ததை மொத்தமாக அச்சிட முடியாது.

கையில் ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால், அல்லது இருக்கும் பணம் எல்லாம் மரத்துக்கே வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | வாடகை | உரிமத்தோடு கட்டுவது | லிட்டில் நெமோ |
|---|---|---|---|
| கதை கைக்கு வருமா | பட்டியலைப் பொறுத்தது | நன்றாக வரும் | நன்றாக வரும் |
| காத்திருப்பு | தேதி கிடைப்பதைப் பொறுத்து | ஒரு வருடம், கூடவும் ஆகும் | சில மாதம் |
| பெயருக்காக வரும் கூட்டம் | அதிகம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | லாரி, காலிப் பெட்டிகளுக்கு இடம், ஆள்கூலி | ஒப்புதல் தாமதம், ஆண்டுப் பழுது | பக்கத் தேர்வு, மறு எழுத்து, விளம்பரம் |
| முடிந்த பின் மிச்சம் | ஒன்றுமில்லை | உரிமக் காலம்வரை எல்லாம் | எல்லாம் |

## இன்னும் முடிவாகவில்லை என்றால்

தொடக்கத்தில் சொன்ன நாலு கட்டத்துக்கு இப்போது வருவோம்: குழந்தைகள் உள்ளே நின்று தாங்களே ஸ்ட்ரிப்பாகிவிடும் நாலு காலி மரச்சட்டங்களுக்கு யாருடைய உரிமமும் வேண்டாம். குழு பேசிக்கொண்டிருக்கும்போதே அவற்றைச் செய்துவிடலாம், மூன்று வழியிலும் பயன்படும். ஒவ்வொன்றும் ஆறு அடி உயரம், நாலு அடி அகலம், கீழ்க்கட்டை இல்லாமல் தரை சமமாக இருக்கட்டும், சக்கர நாற்காலி உள்ளே வர வேண்டும். இரண்டிரண்டாகச் செங்கோணத்தில் இரும்புத் தகடு வைத்து இணைத்தால் சாயாது, இருந்தாலும் மேல்பக்கம் சுவரோடு கட்டுங்கள். இணைப்பில் இடுக்கு விட்டால் 5 மி.மீ.க்குள் அல்லது 12 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும், நடுவில் உள்ள எந்த அளவும் விரலைப் பிடிக்கும். துடைத்து எழுதும் பேச்சுக் குமிழ் பலகைகள் எட்டு, பிடியோடு.

முதலில் இதை அட்டைப்பெட்டியில் வெட்டி ஒரு சனிக்கிழமை நிறுத்திப் பாருங்கள். குழந்தைகளுக்கு எதுவும் விளக்காமல் ஓரமாக நின்று, எந்தக் கட்டத்தில் அவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். மூன்றாவது கட்டத்தில் ஒருவர் ஒன்றும் பேசாமல் நின்று, நாலாவதில் எல்லாரும் சிரித்தால் சட்டத்தின் அளவு சரி. பிளைவுட் வாங்கலாம்.